பன்னிரண்டு யன்னல்

ஓம் தம்பி, வாசலிலை நிண்ட பிள்ளை பையைத் திறந்து பாத்துட்டுத்தான் விட்டவர். மேலை முகம் துடைக்கிற ஒரு துவாய், துவாய்க்குக் கீழை ஒரு பெட்டி. என்ன அப்பு பெட்டிக்குள்ளை எண்டு கேட்டவர். ரீவி கேம் எண்டன். இந்த வயசிலையோ எண்டு சிரிச்சுப்போட்டு உள்ளை விட்டிட்டார். அவரிலை பிழையில்லை. பெட்டியை நான் இப்ப திறக்கேல்லை. திறக்கவேண்டிய இடம் வரேக்கை திறக்கிறன். ஒழுங்கு குழம்பினா எனக்குக் கதை வராது.

இல்லை, தேத்தண்ணி வேண்டாம். நேரம் இப்ப பத்து இருபது. எட்வேர்டுக்கு நாலு மணி எண்டு இயக்கத்தின்ரை பேரிலை சந்தியிலை நோட்டீசு ஒட்டியிருக்கிறியள். அவனை லைற் போஸ்ற்றிலை கட்டிச் சுடுறதுக்கு முதல் நான் சொல்லி முடிக்கவேணும். ஐஞ்சு மணித்தியாலமும் நாப்பது நிமிசமும் கிடக்குது. அது போதும்.

என்ரை பேர் முத்துக்குமாரு. எட்வேர்ட் கொலை செய்தவன் எண்டு நீங்கள் சொல்லுற, வியாழக்கிழமை கிணத்துக்குள்ளை செத்துக் கிடந்த செல்வத்துரைக்கு நான் பக்கத்து வீடு. ஒரு வேலிதான் இடையிலை. காங்கேசன்துறைத் துறைமுகத்திலை முப்பத்தொரு வருசம் மூட்டை எண்ணினனான். நாலு கோடு நிமிர்த்திக் கீறி, ஐஞ்சாவதைக் குறுக்கை இழுக்கிறது. அதுதான் வேலை. வாய் திறக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேலை நான் கதைச்சிருக்கமாட்டன். இண்டைக்குத்தான் இப்பிடி.

தெரியும், தெரியும். எட்வேர்ட் பிஸ்ரலை எங்கை ஒளிச்சவன் எண்டு கேட்டுக் கேட்டு அடிக்கிறியள். ரோட்டிலை நிக்க எனக்குக் கேட்டது. முப்பத்தாறு வரைக்கும் எண்ணினன், பிறகு லொறி ஒண்டு போனதாலை விட்டுப்போச்சு. அவனுக்குத் தெரியாது தம்பி. இல்லாத பிஸ்ரலை அவன் எங்கையிருந்து எடுத்துத் தாறது? அதைச் சொல்லத்தான் வந்தனான். ஆனா அந்தக் கதை ரீவி கேமிலை இருந்துதான் துவங்குது. கோவிக்காதேங்கோ.

என்னட்டை முதல் ஒரு மிசின் இருந்தது. எண்பத்தோராம் ஆண்டு அக்கான்ரை மோன் பஞ்சலிங்கம் கொண்டுவந்து தந்தவன். அவன் கப்பல்காரன். ரெண்டு திருகுகட்டை, நடுவிலை ஒரு கோடு, ஒரு பந்து. அவ்வளவுதான். மனுசி செத்து ரெண்டு வருசம் அப்ப. ஆரோடை விளையாடுறது? வலக்கை ஒரு பக்கம், இடக்கை மற்றப் பக்கம். நாலு வருசத்திலை வலக்கை ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறு தரம் வெண்டது. இடக்கை ஆயிரத்து எழுநூற்று நாப்பத்தொண்டு. கொப்பியிலை கிடக்குது. எனக்கு அது போதும். புது மிசின் வேணுமெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை.

பேந்துதான் இராசநாயகம் சந்தைக்குப் பின்னாலை கேம் கடை போட்டவன். உங்களுக்குத் தெரியுந்தானே. உங்கடை பெடியளும் வாறவை. தங்கடை துவக்கை இருக்கிற வாங்கிலை சாத்தி வைச்சுப்போட்டு, அங்கை கிடக்கிற விளையாட்டுத் துவக்குக்கு அடிபடுவினம். நான் வெளியிலை நிண்டு பாக்கிறது. உள்ளை போக வெக்கம். ஒன்பது நாள் நிண்டன். பத்தாம் நாள் இராசநாயகம் சொன்னான், முத்தண்ணை, கதவுநிலை தேயுது, உள்ளை வந்து நில்லுங்கோ எண்டு. எல்லாரும் சிரிச்சவை.

மூண்டு விளையாட்டு இருந்தது. ஒண்டு பறவை சுடுறது. ஒண்டு போத்தல் சுடுறது. ரெண்டும் எனக்கு ஒண்டும் செய்யேல்லை. மூண்டாவதுதான். ரீவியிலை ஒரு பெரிய மச்சுவீடு வரும். பன்னிரண்டு யன்னல். ஒரு யன்னல் திறக்கும், ஒரு பொம்பிளை நிப்பாள். அவளுக்குப் பின்னாலை ஒருத்தன் ஒளிச்சு நிப்பான். அவன் அவளின்ரை தோளுக்கு மேலாலை ஒருக்கா எட்டிப் பாப்பான். ஒண்டு எண்டு எண்ணி முடியிறதுக்குள்ளை தலையை இழுத்துப்போடுவான். அந்தக் கணக்கிலை சுடவேணும். பிந்தினா அவன் எங்களைச் சுட்டுப்போடுவான். முந்தினா அவளிலை படும். அவளிலை பட்டால் ரீவி முழுக்கச் சிவப்பாப் போய் எல்லாம் முடிஞ்சுது.

பெடியள் என்ன செய்வாங்கள் தெரியுமே? அவளைத்தான் சுடுவாங்கள். வேணுமெண்டு. அந்தச் சிவப்பைப் பாக்கிறதுக்கு. சிவக்கேக்கை எல்லாரும் ஓவெண்டு கத்துவாங்கள். போட்டான்ரா, மனுசியைப் போட்டான்ரா எண்டு. ஒரு பின்னேரத்திலை அவள் நூற்று நாலு தரம் செத்தவள். நான் எண்ணினனான்.

நீங்களும் ஒருநாள் வந்தனீங்கள் தம்பி. ஞாபகமில்லையோ. நீலச் சேட்டுப் போட்டிருந்தனீங்கள். ஆறாவது யன்னலிலை சுட்டனீங்கள். ஓம், அவளைத்தான். பிழையெண்டு சொல்லேல்லை. விளையாட்டுத்தானே.

எனக்கு அது பொறுக்கேல்லை. ஏன் எண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு யன்னலிலையும் அவளிலை ஒண்டும் படாமல் ஒருத்தன் கொண்டுபோய் முடிக்கவேணும் எண்டு இருந்தது. நான் ஒருக்கா துவக்கை வாங்கினன். கையை நீட்டினவுடனை ஒரு பெடியன், அப்பு, கை நடுங்குது, இராசநாயகத்தாரைச் சுட்டுப்போடாதேங்கோ எண்டான். நாலாவது யன்னலோடை முடிஞ்சுபோச்சு. என்ரை கையாலை அவள் செத்தது அந்த ஒருக்காத்தான். அதுக்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் நான் போகேல்லை.

பஞ்சலிங்கத்துக்குக் கடிதம் போட்டன். பழைய மிசின் வேண்டாம், துவக்கு வைச்ச மிசின் வேணும், அந்த யன்னல் விளையாட்டுக் கசெற்றோடை வேணும் எண்டு. பிள்ளையளுக்கு எண்டு எழுதினன். வீட்டிலை பிள்ளையும் இல்லைக் குட்டியும் இல்லை. அவன் எழுதினான், மாமா, உங்களுக்கு வயசு முன்னாலை போகுதோ பின்னாலை போகுதோ எண்டு. ஆனா இந்தத் தை மாதம் வரேக்கை கொண்டுவந்து தந்தவன். ஆனையிறவிலை ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, துவக்கை எடுத்துப் பக்கத்திலை நிண்டவனுக்கு நேரை நீட்டினவனாம். அவன் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிக்க, ரெண்டு பேரும் சிரிச்சுப்போட்டுத் திருப்பிக் குடுத்தவங்களாம்.

நான் தனிய இருந்து பழகினன். ஒவ்வொரு நாளும் விடிய ஒரு மணித்தியாலம். மாசி பத்தாந் தேதிதான் முதல் தரம் பன்னிரண்டு யன்னலும் முடிச்சன். வைகாசி கடைசி மட்டும் இருநூற்று அறுபத்திரண்டு தரம் முடிச்சுப்போட்டன். அவளிலை ஒருக்காவும் படேல்லை. அது ஒரு பெரிய காரியமே எண்டு நீங்கள் நினைக்கலாம். என்ரை சீவியத்திலை அதைவிடப் பெருசா நான் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி.

இனிச் செல்வத்துரையருக்கு வாறன்.

தெல்லிப்பழையிலை இருந்து போன வருசம் வந்து குடியிருந்தவை. வேதக்காரர். அவர் லொறி ஓட்டிறவர். மனுசி நேசம்மா. ரெண்டு பெட்டைக் குட்டியள், எட்டு வயசும் ஆறு வயசும். நேசம்மாவின்ரை தம்பிதான் எட்வேர்ட். நேசம்மாப் பிள்ளை வேலிக்கு அங்காலை நிண்டு, ஐயா, இண்டைக்கு முருங்கைக்காய் பிடுங்கினனான் எண்டு ரெண்டு காயை நீட்டும். முழுக்கை வைச்ச சட்டைதான் எப்பவும் போட்டிருக்கும். வெயிலுக்கு எண்டுதான் நான் நினைச்சனான்.

நான் ஷெல்லும் எண்ணிறனான். துறையிலை இருக்கிற ஆமிக் காம்பிலை இருந்து அடிக்கிறது, ஹெலி வந்து சுடுறது, எல்லாத்துக்கும் கொப்பி இருக்குது. சனமெல்லாம் வளவிலை வெட்டின பங்கருக்குள்ளை பூந்திடும். எனக்கு முழங்கால் மடியாது. கட்டிலுக்குக் கீழை படுத்திருந்து கோடு கீறுவன். சித்திரை பதினெட்டாந் தேதி எண்ணினா நாப்பது. பின்னேரம் எல்லாரும் கதைக்கினம், முப்பத்தொண்டுதான் விழுந்தது எண்டு. எங்கை எங்கை விழுந்தது எண்டு ஆள் ஆளாச் சொல்லுகினம், நானும் கூட்டிப் பாக்கிறன், முப்பத்தொண்டுதான். எனக்கு நித்திரை வரேல்லை. முப்பத்தொரு வருசம் ஒரு மூட்டை பிழைக்காதவன் நான். ஒன்பது எங்கையிருந்து வந்தது?

அடுத்த தரம் ஷெல் அடிக்கேக்கை வடிவாக் காது குடுத்தன். ஷெல் சத்தம் நிலத்தாலை வரும், நெஞ்சிலை இடிக்கும். இது அப்பிடியில்லை. பக்கத்திலை, வேலிக்கு அங்காலை, அவை சமைக்கிற குசினிப் பக்கத்திலை. பளீர் எண்டு. பேந்துதான் விளங்கினது. லொறி எஞ்சினிலை போடுற பான் பெல்ட். பிள்ளையள் ரெண்டையும் பங்கருக்குள்ளை இறக்கி மேலை பலகையை இழுத்துப்போட்டு, நேசம்மாவைக் குசினியிலை வைச்சு அடிக்கிறவர். மற்ற நேரம் கையே வைக்கமாட்டார். ஊர் முழுக்கப் பங்கருக்குள்ளை இருக்கிற நேரமாப் பாத்து, சத்தத்தோடை சத்தமா. பிள்ளையள் ஷெல் எண்டுதான் நினைச்சிருக்குங்கள். அவளும் கத்தமாட்டாள். பிள்ளையளுக்குக் கேட்டிடும் எண்டோ என்னவோ.

சித்திரையிலை நாலு நாள். ஒன்பது, பதினொண்டு, ஏழு, பன்னிரண்டு. வைகாசியிலை ஆறு நாள். கூட்டிச் சொல்லட்டோ? வேண்டாமெண்டா விடுங்கோ.

ஏன் வந்து சொல்லேல்லையோ? வந்தனான் தம்பி. வைகாசி இருபத்தொண்டு, பின்னேரம் நாலே கால். கொப்பியும் கொண்டு வந்தனான். உந்த வாசல் படலையிலை அரை மணித்தியாலம் நிண்டன். சென்றியிலை காவல் நிண்ட பிள்ளை கேட்டவர், என்ன அப்பு எண்டு. பக்கத்து வீட்டிலை அடிக்கிறவர் எண்டு சொன்னன். குடும்பப் பிரச்சினை எண்டால் பிறகு வாங்கோ எண்டவர். நான் கொப்பியை மடிக்குள்ளை செருகினன். திரும்பிப் போயிட்டன். எட்வேர்டும் வந்தவனாம். அவனுக்கும் அதுதான் மறுமொழி. அதுக்குப் பிறகுதான் அவன் சந்தைக்குள்ளை நிண்டு, இன்னொருக்கா அக்காவிலை கை வைச்சா அந்தாளைக் கொல்லுவன் எண்டு கத்தினவன். அதைத்தானே இப்ப சாட்சியா வைச்சிருக்கிறியள்.

சரி, வியாழக்கிழமை.

மத்தியானம் ரெண்டு பத்துக்கு ஹெலி வந்தது. கடற்கரைப் பக்கம் சுட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. பேந்து காம்பிலை இருந்து ஷெல் துவங்கினது. நான் கட்டிலுக்குக் கீழை. ரெண்டு கொப்பி விரிச்சு வைச்சிருந்தன், ஷெல்லுக்கு ஒண்டு, பெல்ட்டுக்கு ஒண்டு. அவர் வழமையாப் பன்னிரண்டுக்குள்ளை நிப்பாட்டுவார். அண்டைக்கு நிப்பாட்டேல்லை. பதின்மூண்டு, பதினாலு. பதினாறிலை அந்தப் பிள்ளை ஒருக்காக் கத்தினது. கத்தாத பிள்ளை. பதினேழு, பதினெட்டு, சத்தமில்லை. பத்தொன்பது, இருபது. பெல்ட் மட்டும் விழுகுது. இருபத்தொண்டாவது கோடு கீறேக்கை பென்சில் முனை முறிஞ்சுபோச்சு.

இப்ப பெட்டியைத் திறக்கிறன். பயப்பிடாதேங்கோ. வாசலிலை நிக்கிற பிள்ளையைத் துவக்கைப் பதிச்சுப் பிடிக்கச் சொல்லுங்கோ. இஞ்சை பாருங்கோ, இதுதான் நீங்கள் தேடின பிஸ்ரல். தூக்கிப் பாருங்கோ. பாரமாத்தான் இருக்கும், உள்ளை ஈயம் ஏதோ வைச்சிருக்கிறாங்கள். குழல் வாயைப் பாருங்கோ, கண்ணாடி. வெடிக்காது. ரீவிக்கு முன்னாலை மட்டுந்தான் வேலை செய்யும். பிடியிலை இருந்து வாற வயர் ரெண்டு யார் நீளம், முனையிலை பிளக். வெட்டினா மிசின் பழுது, அதாலை நான் வெட்டேல்லை. கையிலை சுத்தி, முழுக்கைச் சேட்டுக்குள்ளை விட்டுப் பொத்தான் பூட்டினன். துவாயை முகத்திலை கட்டினன். வேலியிலை கிடுகு விலகின இடத்தாலை பூந்து போனன்.

முன்வீட்டுப் பத்மாவதி பாத்தது என்னைத்தான். பங்கர் வாயிலை நிண்டு பாத்துப்போட்டு, கையிலை பிஸ்ரலோடை ஒருத்தன், எட்வேர்டின்ரை உயரம் எண்டு உங்களுக்குச் சொன்னவ. அவவிலை பிழையில்லை. நானும் அவனும் ஒரே உயரந்தான், நான் நிமிந்தால். நிமிந்து நடந்ததை அவ முந்திக் கண்டிருக்கமாட்டா.

குசினிக்குள்ளை போனா, அந்தப் பிள்ளை நிலத்திலை கிடக்குது. தலைமயிர் அவரின்ரை இடக்கையிலை. காதிலை இருந்து ரத்தம். மாப்பெட்டியிலை ரத்தம். நான் துவக்கை நீட்டினன். அவர் என்ன செய்தார் தெரியுமே? தலைமயிரிலை பிடிச்சு அவளைத் தூக்கித் தனக்கு முன்னாலை நிப்பாட்டினார். அவளின்ரை தோளுக்குப் பின்னாலை தலையை ஒளிச்சுக்கொண்டு, அண்ணை, சுடாதேங்கோ அண்ணை, என்ரை மனுசிதான் அண்ணை எண்டு அழுகிறார். எனக்குக் கை நடுங்கேல்லை. ஒருக்கா எட்டிப் பாத்தார். நான் ஒரு சொல்லுத்தான் சொன்னன். இயக்கம். அவளை விடு எண்டன்.

ஓம். உங்கடை பேரைச் சொன்னது பிழை. அதுக்கு என்ன தண்டனையோ தாங்கோ. வேறை எந்தப் பேருக்கும் அவர் விட்டிருக்கமாட்டார்.

அவளை உதறிப்போட்டுப் பின்கதவாலை ஓடினவர். திரும்பி என்னைப் பாத்துக்கொண்டு ஓடினவர். கிணத்துக்கட்டு போன மாசம் ஷெல் விழுந்து ஒரு பக்கம் இடிஞ்சு கிடந்தது, அந்தப் பக்கத்தாலை விழுந்தவர். நீந்தத் தெரியாத ஆள். நான் தள்ளேல்லை, தொடேல்லை. நேசம்மா ஒண்டும் காணேல்லை, அது குசினியிலை நினைவில்லாமல் கிடந்தது. எட்வேர்ட் அந்த நேரம் அளவெட்டியிலை, வயரிங் வேலையிலை. சத்தம் ஓய்ஞ்சாப் பிறகு சைக்கிளிலை வந்து, அக்காவைத் தூக்கிக்கொண்டு மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஓடினவன். அங்கை வைச்சுத்தான் நீங்கள் அவனைப் பிடிச்சனீங்கள். ஏன் அண்டைக்கே வரேல்லை எண்டு கேளுங்கோ. வந்தனான். வெள்ளியும் வந்து படலை மட்டும் நிண்டு திரும்பினனான். இண்டைக்கு நோட்டீசைக் கண்டாப் பிறகுதான் கால் உள்ளை வந்தது.

எழுதிப்போட்டியளோ. வாசியுங்கோ. ஓம். ஓம். விளையாட்டுத் துவக்கு. பயந்து ஓடினவர். தானாத் தவறி விழுந்தவர். ஓம், சரி. எட்வேர்டை விடச் சொல்லி வாசல் பிள்ளையை அனுப்பிறியளோ? நன்றி தம்பி. பெடியனுக்கு இடது கண் மூடிப்போச்சாம், கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. சைக்கிளையும் குடுத்து விடுங்கோ. நான் இதிலை இருக்கிறன். அவன் என்னைக் காணத் தேவையில்லை.

இல்லை, எனக்கு இப்பவும் தேத்தண்ணி வேண்டாம்.

அது அவன்ரை சத்தந்தான். சைக்கிள் மட்கார்ட் அடிபடுது. படலை தாண்டிட்டான். சந்தியாலை திரும்பிட்டான் என்ன?

எச்சரிக்கை மட்டுமோ. நான் போகலாமோ. நல்லது தம்பி. ஆனா பேனையை மூடாதேங்கோ. நீங்கள் எழுதினதிலை ஒண்டு குறையுது. சவத்தை எடுக்கேக்கை கிணத்துக்குள்ளை வாளியும் கிடந்தது, கயிறும் கிடந்தது, முழுக் கயிறும். உங்கடை பெடியள்தான் எடுத்து வெளியிலை போட்டவை. கிணத்துத் தூணிலை கட்டியிருக்கிற கயிறு எப்பிடி உள்ளை போனது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நாளைக்கு ஆரும் கேட்டினமெண்டால் திரும்ப அந்தப் பெடியனைத்தான் தேடிப் போவியள். இல்லாட்டி நேசம்மாவை. அதாலை எழுதுங்கோ.

வாளியை இறக்கினது நான். அவர் தண்ணியிலை அடிக்கிறதைக் கண்டவுடனை ஓடிப்போய் இறக்கினன். முகத்திலை கட்டின துவாய் விழுந்துபோச்சு, நான் கவனிக்கேல்லை. அவர் கயிறைப் பிடிச்சு, கிணத்துக் கல்லிலை கால் வைச்சு ஏறத் துவங்கினவர். அரைவாசி ஏறிட்டார். நான் குனிஞ்சு கையைக் குடுக்கேக்கை சேட்டுப் பொத்தான் கழண்டு வயர் கீழை தொங்கினது. பிளக் அவரின்ரை முகத்துக்கு முன்னாலை ஆடுது. அதைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார். சிரிச்சவர் தம்பி. முத்துக்குமாரண்ணை, உது இராசநாயகத்தின்ரை கடைச் சாமானல்லோ எண்டார். பேந்து சொன்னார், நான் மேலை வரட்டும், அவளை இண்டைக்கு முடிச்சுப்போட்டுத்தான் உங்களிட்டை வருவன் எண்டு. கோவத்திலை சொல்லேல்லை. ஆறுதலாச் சொன்னவர். சொல்லிப்போட்டு, கல்லிலை ரெண்டு காலையும் ஊண்டிக்கொண்டு இளைப்பாறினவர். அந்த நேரந்தான் கயிறு தொய்ஞ்சது.

தூணிலை போட்டிருந்தது பழைய முடிச்சு, தண்ணியிலை ஊறி இறுகிப்போய்க் கிடந்தது. வெட்டக் கத்தி இல்லை. நகம் ரெண்டு உடைஞ்சுது, இஞ்சை பாருங்கோ. அவர் கீழையிருந்து, என்னண்ணை செய்யிறியள், என்னண்ணை செய்யிறியள் எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர். ஏழு தரம் கேட்டவர். முழுக்க அவிட்டுப்போட்டு, இனி ஏறுங்கோ எண்டன்.